அக்கா முற்றுகையும் ஆளுநர் கராகூஷும் (1189–1191): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் இரண்டு சொற்கள். இந்தப் பக்கத்தில் வரும் 'அக்கா' கூடப்பிறந்தவள் அல்ல. பாலஸ்தீனக் கடற்கரையில் உள்ள துறைமுக நகரம். ஐரோப்பிய நூல்களில் ஏக்கர் என்று வரும். மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த சிலுவைப் படையினரை அரபுகள் 'ஃபரஞ்ச்' என்றார்கள். நம்முடைய 'பறங்கி'யும் அந்த வேரில் முளைத்ததுதான். ஆகவே இங்கே அவர்கள் பறங்கியர்.

முற்றுகை எப்போது, எவ்வளவு காலம்?

1189 ஆகஸ்ட் 28 முதல் 1191 ஜூலை 12 வரை. இரண்டு ஆண்டுக்கு ஒன்றரை மாதம் குறைவு. 1187 ஜூலையில் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீன் இந்த நகரைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றியிருந்தார். அதே ஆண்டு ஜெருசலேமும் அவர் கைக்கு வந்தது. நாடிழந்து நின்ற ஜெருசலேம் அரசர் கீ, கையில் இருந்த சிறு படையோடு வந்து அக்காவுக்குக் கிழக்கே ஒரு மேட்டில் பாளையம் இறங்கினார். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கராகூஷ் யார்? ஆளுநரா, படைத்தலைவரா, கட்டட மேற்பார்வையாளரா?

மூன்றும்தான். முழுப்பெயர் பஹாவுத்தீன் கராகூஷ் அல்-அசதி. கராகூஷ் என்பது துருக்கியில் 'கருங்கழுகு'. இவர் ஓர் அலி, அதாவது விதையடிக்கப்பட்டவர். சலாஹுத்தீனின் சிற்றப்பா அசதுத்தீன் ஷிர்கூவின் அடிமை வீரராகத் தொடங்கியதால் 'அசதி'. எகிப்தில் ஃபாத்திமியரின் ஆட்சி முடிந்துகொண்டிருந்த நாட்களில் கெய்ரோ அரண்மனையின் பொறுப்பு இவரிடம் கொடுக்கப்பட்டது. கெய்ரோவின் மலைக்கோட்டையையும் நகர மதிலையும் கட்டும் பணியை நடத்தியவரும் இவரே. அந்தக் கோட்டையின் பழைய வாசல் ஒன்றில் ஹிஜ்ரி 579ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சுல்தானோடு இவர் பெயரும் இருக்கிறது.

அக்காவுக்கு அவரை வரவழைத்த காரணமும் அதுதான்: மதிலைச் செப்பனிட. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எதிரி வந்து இறங்கிவிட்டான். கல் தச்சர்களுக்குக் கூலி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் நகரைக் காக்கும் ஆளாகிப் போனார். அக்காவில் காவற்படையின் நேரடித் தலைமை வேறு ஆட்களிடம் இருந்தது: முதலில் 'பருத்தவர்' என்ற அடைமொழி கொண்ட அபுல் ஹைஜா, 1191 பிப்ரவரி முதல் சைஃபுத்தீன் அல்-மஷ்தூப். ஆளுநர் பொறுப்பு மட்டும் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை கராகூஷிடமே.

நகரின் அமைப்பு எப்படி?

மேற்கும் தெற்கும் கடல். வடக்கிலும் கிழக்கிலும் மதிலும் அகழியும். இரண்டு மதில்களும் சந்திக்கும் வடகிழக்கு மூலையில் 'சபிக்கப்பட்ட கோபுரம்'. பலவீனமான இடம் அந்த முனைதான், கடைசிச் சண்டையும் அங்கேதான். துறைமுகம் தென்கிழக்கில். அதன் வாயருகே பாறைமேல் 'ஈக்களின் கோபுரம்'. அது யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கே துறைமுகம். 1190 செப்டம்பரில் இத்தாலியின் பைசா நகரத்தார் கப்பல்மேல் கோபுரம் கட்டிவந்து அதைத் தாக்கினார்கள். கப்பல் கோபுரம் எரிந்தது, ஈக்களின் கோபுரம் நின்றது.

சலாஹுத்தீன் பெரும்படையோடு வெளியே இருந்தும் முற்றுகையை ஏன் உடைக்க முடியவில்லை?

பழந்தமிழ்ப் புறத்திணையில் மதிலை வளைத்தால் உழிஞை, மதிலைக் காத்தால் நொச்சி. அக்காவில் பறங்கியர் இரண்டு பூவையும் சேர்த்துச் சூடவேண்டியிருந்தது. முன்னால் நகரம், முதுகுப்பக்கம் சுல்தானின் படை. 1189 செப்டம்பரில் சுல்தான் வடபக்கமாக உடைத்து நகருக்குள் வழி திறந்தார். ஆனால் அக்டோபர் 4ஆம் தேதிப் பெரும்போருக்குப் பிறகு அவர் உடல்நலக் குறைவால் பின்வாங்கித் தங்கினார். அந்த இடைவெளியில் பறங்கியர் கடலிலிருந்து கடல்வரை அகழி வெட்டி, தோண்டிய மண்ணையே மேடாக்கிவிட்டார்கள். அதற்குப்பின் நிலவழி மூடியது. குதிரைப்படையின் பலம் திறந்தவெளியில்தான். அகழிக்குப் பின்னால் நிற்கும் காலாள்மேல் அது செல்லாது. எங்கள் கணிப்பில் அக்காவின் விதி பாதி எழுதப்பட்டது அந்த அகழியில். இனி மீதி கடல்தான்.

நகருக்குள் சோற்றுக்கு என்ன வழி?

கப்பல். வேறு வழியே இல்லை. 1189 டிசம்பர் கடைசியில் ஹுசாமுத்தீன் லுஃலுஃவின் தலைமையில் எகிப்தியக் கப்பற்படை வந்து கடல்வழியைத் திறந்தது. 1190 கோடையில் பறங்கியர் கப்பல்கள் பெருகப் பெருக வழி மறுபடி குறுகியது.

அந்த ஆண்டு ஷஅபான் மாதத்தில் கராகூஷும் கப்பற்படைத் தலைவரும் சுல்தானுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். இருப்பில் உள்ள உணவு ஷஅபான் நடு இரவு வரைக்கும்தான், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று. நம் ஊர் முஸ்லிம்கள் பராஅத் இரவு என்று சொல்லும் அதே இரவு. அவ்வாண்டு செப்டம்பர் நடுவில் வந்தது. சுல்தான் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. பாளையத்தில் பேச்சு கசிந்தால் எதிரி காதுக்குப் போய்விடும். தாக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தே நகரை வாங்கிவிடுவான். எகிப்திலிருந்து மூன்று பெரிய கப்பல்கள் அந்த நாளிலேயே கண்ணுக்குத் தெரிந்தன. எதிரிக் கப்பல்கள் வழிமறிக்க, கரையில் இரு படைகளும் பார்த்துக்கொண்டிருக்க, காற்று ஒத்துழைத்ததால் மூன்றும் துறைமுகத்துக்குள் நுழைந்தன.

முற்றுகையில் ஆளுநரின் முதல் வேலை இந்தக் கணக்குத்தான்: எத்தனை வாய், எத்தனை மூட்டை, எந்த இரவோடு தீரும். நெருக்கடியை மிகைப்படுத்திச் சொன்னால் அடுத்தமுறை நம்பமாட்டார்கள். குறைத்துச் சொன்னால் கப்பல் வருமுன் ஊர் பட்டினி. கராகூஷ் சொன்ன தேதி பிசகவில்லை.

பன்றி ஏற்றிய கப்பல் கதை உண்மையா?

உண்மை என்றே கொள்ளலாம். அப்போது சுல்தானின் பாளையத்திலேயே இருந்த இப்னு ஷத்தாத் எழுதிவைத்திருக்கிறார். மேற்சொன்ன மூன்று கப்பல்களுக்குச் சில வாரம் முன்பு நடந்தது. பெய்ரூத்தில் ஒரு பெரிய கப்பலில் 400 மூட்டை கோதுமை, பாலாடைக்கட்டி, வெங்காயம், ஆடுகள் எல்லாம் ஏற்றினார்கள். மாலுமிகள் பறங்கியர்போல் உடுத்தினார்கள், தாடியைச் சிரைத்தார்கள், பாய்மரத்தில் சிலுவை கட்டினார்கள். தூரத்திலிருந்தே தெரியும்படி மேல்தட்டில் பன்றிகளை விட்டார்கள்.

வழிமறித்த படகுக்காரர்கள், "நகரத்தை நோக்கிப் போகிறீர்களே" என்று கேட்க, "ஏன், நகரம் இன்னும் நம் கைக்கு வரவில்லையா?" என்று இவர்கள் வியந்திருக்கிறார்கள். பாளையத்துக்குத்தான் வருவதாகவும், பின்னால் இன்னொரு கப்பல் இதே காற்றில் வருகிறது, அதை எச்சரித்துவிடுங்கள் என்றும் சொன்னார்கள். பின்னால் வந்தது நிஜமான பறங்கியர் கப்பல். படகுகள் அதன் பக்கம் திரும்ப, இவர்கள் முழுப்பாயோடு துறைமுகத்துக்குள் போய்விட்டார்கள். இந்த வித்தை ஒருமுறைதான் பலிக்கும். தந்திரத்தால் தொடர்ந்து ஓர் ஊருக்குச் சோறு போட முடியாது.

வெளியே இருந்த சுல்தானோடு எப்படிப் பேசினார்கள்?

மூன்று வழி. அவசரத்துக்கு முரசு: மதில்மேல் தாக்குதல் தொடங்கியதும் நகரத்தார் முரசறைவார்கள், அது கேட்டதும் சுல்தானின் படை பறங்கியர் பாளையத்தைப் பின்புறமிருந்து தாக்கும். ஏணி ஏறிக்கொண்டிருப்பவன் பாதியில் இறங்கித் தன் கூடாரத்தைக் காக்க ஓடவேண்டும். பலமுறை ஊரைக் காப்பாற்றியது இதுதான்.

சின்னச் செய்திக்குப் புறா. கடிதத்துக்கும் பணத்துக்கும் நீச்சல்காரர்கள். அவர்களில் ஈஸா என்பவர் இரவில் பறங்கியர் கப்பல்களுக்கு அடியில் மூழ்கி மறுபக்கம் எழுவார். ஊருக்குள் சேர்ந்ததும் புறா பறக்கவிடுவது அடையாளம். ஓர் இரவு 1,000 தீனார் அடங்கிய மூன்று பைகளையும் வீரர்களுக்கான கடிதங்களையும் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். புறா வரவில்லை. சில நாள் கழித்து நகரத்துக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. இடுப்பில் பொன்னும், நீர் புகாமல் பொதிந்த கடிதங்களும் அப்படியே இருந்தன. உயிரோடிருக்கும்போது அமானிதத்தை (நம்பிக் கொடுத்த பொருளை) ஒப்படைப்பவர் உண்டு, இறந்த பின்னும் ஒப்படைத்தவரைக் கண்டதில்லை என்று இப்னு ஷத்தாத் நெகிழ்கிறார்.

மூன்று மரக்கோபுரங்களை எரித்தது எப்படி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி. 1190 வசந்தத்தில் பறங்கியர் மூன்று நகரும் கோபுரங்களைக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் 60 முழ உயரம், ஐந்து அடுக்கு, அடுக்கு நிறைய வீரர்கள். உச்சித்தட்டு மதிலைவிட உயரம். அங்கிருந்து அம்பு விட்டால் மதில் உச்சியின் ஞாயில் மறைவில் நிற்பவனும் தப்பமாட்டான். மரத்தின்மேல் பச்சைத்தோல் போர்த்தி, களிமண் பூசி, காடியில் நனைத்திருந்தார்கள். காடி என்றால் புளித்த திராட்சைச் சாறு. தீ எளிதில் பற்றாமல் இருக்க அக்கால வழக்கம் அது. நகரத்தார் எறிந்த எண்ணெய்த் தீயெல்லாம் தோலில் பட்டு வழிந்து அணைந்தது.

ஊருக்குள் டமாஸ்கஸைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இருந்தார். செம்புக் கொல்லரின் மகன். தீ எண்ணெய்ச் சரக்குகளைச் சேர்த்துக் கலந்து பார்ப்பது அவருக்குப் பித்து, தொழில் அதுவன்று. அவர் கராகூஷிடம் போய், நான் தருவதை எறியச் சொல்லி உங்கள் கவண்காரருக்கு (பெரிய எறிபொறியை இயக்குபவருக்கு) உத்தரவு கொடுங்கள் என்றார். கராகூஷ் எரிந்து விழுந்தார். கைதேர்ந்த ஆட்களே தோற்ற இடத்தில் இவன் யார் என்ற எரிச்சல். பக்கத்தில் இருந்தவர்கள், கொடுத்துப் பார்ப்பதில் என்ன நட்டம் என்று சமாதானம் சொன்ன பிறகு உத்தரவு கொடுத்தார்.

செய்முறை இது:

நஃப்தா என்னும் மண்ணெண்ணெயோடு தன் சரக்குகளைச் சேர்த்துக் காய்ச்சிக் கலயங்களில் நிரப்பினார். முதலில் எறிந்த கலயங்களில் தீயே இல்லை. அவை கோபுரத்தில் உடைந்து எண்ணெய் வழிந்ததோடு சரி. பறங்கியர் மேல்தட்டில் ஆடிப்பாடிக் கேலி செய்தார்கள். போதுமான அளவு நனைந்துவிட்டது என்று தெரிந்ததும் தீ வைத்த கலயம் போனது. கோபுரம் மேலிருந்து கீழ்வரை ஒரே நேரத்தில் பற்றியது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. மே 5ஆம் தேதி மூன்றும் சாம்பல்.

தீ வைத்து எறிந்த எண்ணெய் முன்பு தோற்றதற்குக் காரணம், அது தோலின் மேற்பரப்பிலேயே எரிந்து தீர்ந்தது. தீயில்லாத எண்ணெய்க்கு அவசரமில்லை. தோலின் தையலிலும் பலகை இடுக்கிலும் இறங்கி மரத்தைத் தொட நேரம் கிடைத்தது. எரியாததைப் பார்த்து உள்ளே இருந்தவர்கள் தண்ணீர் ஊற்றவும் இல்லை, இறங்கி ஓடவும் இல்லை. கலவையில் என்னென்ன சரக்கு என்று எவரும் எழுதிவைக்கவில்லை. வெற்றி கலவையில் பாதி, வரிசையில் பாதி என்பது எங்கள் எண்ணம்.

சுல்தான் பொன்னும் நிலமும் கொடுக்க முன்வந்தார். இறைவனுக்காகச் செய்தேன், அவனிடமே கூலி என்று இளைஞர் மறுத்துவிட்டார்.

முட்டுமரம், கவண் கல், சுரங்கம்: எதை எப்படித் தடுத்தார்கள்?

மதிலை இடிக்கும் இரும்புத்தலை முட்டுமரத்தை 1190 அக்டோபரில் மதில்வரை வரவிட்டு, பெரிய கற்களை உருட்டி அதன் கூரையைப் பிளந்தார்கள். பிறகு தீ. வாசல் திறந்து பாய்ந்தவர்கள் எரிந்துகொண்டிருந்ததைக் கொக்கி மாட்டி உள்ளே இழுத்துக்கொண்டார்கள். தூரத்திலேயே தடுக்க முயன்றிருந்தால் கல் எட்டியிருக்காது. கிட்டே வரவிட்டதுதான் சாமர்த்தியம்.

கவண்கள் வேறு கதை. பிரெஞ்சு அரசர் பிலிப்பின் பெரிய கவணுக்குப் பறங்கியர் வைத்த பெயர் 'கெட்ட அண்டைவீட்டான்'. அதைத் திரும்பத் திரும்ப உடைத்த நகரத்துக் கவணுக்கு அவர்களே வைத்த பெயர் 'கெட்ட பங்காளி'. பங்காளிக் காய்ச்சல் எந்த நாட்டிலும் உண்டுபோலும்! ஆனால் உடைந்த கவணைச் சரிசெய்ய வெளியே இருப்பவனுக்குக் கப்பலில் மரம் வரும். உள்ளே இருப்பவனுக்கு வராது.

சுரங்கம்தான் மிக ஆபத்து. மதிலுக்கு அடியில் குடைந்து, மேலே விழாமல் மரத்தூண் முட்டுக் கொடுத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் விறகடுக்கித் தூண்களுக்குத் தீ வைத்தால், தூண் எரிந்து மதில் உட்காரும். இதற்கு ஒரே மருந்து எதிர்ச்சுரங்கம்: உள்ளிருந்து குடைந்துபோய் அவர்கள் குழியில் புகுவது. ஒருமுறை இரு தரப்பும் நிலத்தடியில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். சிறிது சண்டைக்குப் பின் தங்களுக்குள்ளேயே உடன்பாடு செய்துகொண்டு, அங்கே வேலைக்கு விடப்பட்டிருந்த கிறிஸ்தவக் கைதிகளை விடுவித்துவிட்டுப் பிரிந்தார்களாம். நகரத்தார் பிறகு அந்தக் குழியை அடைத்துவிட்டார்கள்.

காவற்படையைப் பாதியில் மாற்றியது தவறா?

தவறு. எங்களுக்கு இதில் இரண்டாம் கருத்து இல்லை. 1190–91 குளிர்காலத்தில் புயலுக்குப் பயந்து பறங்கியர் கப்பல்கள் தீர் (டயர்) நகரத் துறைமுகத்துக்கு ஒதுங்கியதால் கடல் திறந்தது. ஒன்றரை ஆண்டு சளைத்துப்போன வீரர்கள் ஓய்வு கேட்டார்கள். சுல்தான் சம்மதித்தார். வரலாற்றாசிரியர் இப்னுல் அசீர் கணக்குப்படி வெளியே வந்த அமீர்கள், அதாவது படைத்தலைவர்கள், 60. உள்ளே போகச் சம்மதித்தவர்கள் 20.

எண்ணிக்கை குறைந்தது ஒரு பக்கம். எந்தக் கோபுரத்தின் எந்தத் துளையிலிருந்து கவண் எட்டும், எந்த இடத்து மதில் உள்ளுக்குள் பொக்கை, நீச்சல்காரர் எங்கே கரையேறுவார் என்று தெரிந்த ஆட்கள் வெளியேறிவிட்டார்கள் என்பதுதான் பெரிய இழப்பு. பழகிய ஆட்களுக்கே சம்பளமும் தானியமும் அனுப்பி இருக்கச் சொல்லுங்கள் என்று சிலர் யோசனை சொன்னதையும் இப்னுல் அசீர் பதிவு செய்திருக்கிறார்.

அதே குளிர்காலத்தில் இன்னொரு அடி. டிசம்பர் கடைசி நாளில் ஏழு தானியக் கப்பல்கள் வந்தன. சரக்கிறக்க உதவக் காவலர்கள் கடற்பக்கம் போனதைக் கண்டு பறங்கியர் நிலப்பக்க மதிலில் ஏறினார்கள். இவர்கள் திரும்பி ஓடி அவர்களை விரட்டிவிட்டார்கள். அதற்குள் கடல் கொந்தளித்துக் கப்பல்கள் பாறையில் மோதி நொறுங்கின. இறக்காத சரக்கெல்லாம் கடலுக்கு. சில நாளில் மதிலில் ஒரு துண்டு தானாகவே சரிந்தது. அந்த இடைவெளியை உடலால் அடைத்துநின்று மறுபடி கட்டினார்கள்.

கடைசியில் நகரம் விழுந்தது எதனால்?

1191 ஏப்ரல் 20இல் பிலிப், ஜூன் 8இல் இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் வந்து சேர்ந்தார்கள். புதுக் கவண்கள், புது ஆட்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் புதுக் கப்பல்கள். பெய்ரூத்திலிருந்து 650 வீரர்களோடு வந்த பெருங்கப்பல் ஒன்றை ரிச்சர்டின் படகுகள் வளைத்தன. பிடிபடுவது உறுதி என்றானதும் தலைவர் யாகூப் அல்-ஹலபி கப்பலின் அடியைப் பிளந்து மூழ்கடித்தார். அதற்குப்பின் பெரிய உதவி எதுவும் கடல்வழி வந்து சேரவில்லை.

கல்மாரி இரவு பகல் ஓயவில்லை. பறங்கியர் முறைவைத்துத் தாக்கினார்கள். உள்ளே மாற்ற ஆளில்லாமல் காவலர் தூக்கமின்றி நின்றார்கள். சபிக்கப்பட்ட கோபுரத்தருகே மதிலிலிருந்து கல் பெயர்த்து வருபவனுக்கு ரிச்சர்ட் கல்லுக்கு இரண்டு பொற்காசு என்றார், பிறகு மூன்று, நான்கு. உயிரைப் பணயம் வைத்துக் கல் பொறுக்கினார்கள். ஜூலை 3இல் பிளவு திறந்தது. அதில் ஏறிய பிரெஞ்சுப் படை மார்ஷல் கொல்லப்பட்டார், தாக்குதல் முறிந்தது. ஆனால் அடுத்தடுத்த நாளில் மூன்று அமீர்கள் இரவில் படகேறி ஓடிவிட்டார்கள். மதிலில் விழுந்த பிளவைவிட இது பெரிது.

சுல்தானின் அனுமதியில்லாமல் சரணடைந்தது துரோகமா?

சுல்தான் தடுக்க நினைத்தது உண்மை. நிபந்தனைகளை நீச்சல்காரர் கொண்டுவந்ததும் மறுத்து எழுத முனைந்தார். பதில் கிளம்புவதற்குள், ஜூலை 12 வெள்ளிக்கிழமை நண்பகலில், மதில்மேல் பறங்கியர் கொடிகள் ஏறிவிட்டன. ஆனால் மஷ்தூப் அதற்குமுன்பே பிலிப்பிடம் நேரில் போய் உயிர்ப் பாதுகாப்புக் கேட்டு மறுக்கப்பட்டிருந்தார். வாளால் நகரம் விழுந்தால் உயிரோடு ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்பது அக்காலப் போர்வழக்கம். அதைத் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்கள்.

நிபந்தனை என்ன? பிறகு ஏன் அத்தனை பேர் கொல்லப்பட்டார்கள்?

2,00,000 தீனார், 1,500 சாதாரணக் கைதிகள், பெயர் குறித்த 100 கைதிகள், இயேசு அறையப்பட்டது என்று பறங்கியர் போற்றிய, 1187இல் சுல்தான் கைப்பற்றிய சிலுவை. இவை கிடைத்ததும் காவற்படை விடுதலை. தொகையைத் தவணையாகக் கட்ட ஒப்பந்தம். முதல் தவணையிலேயே சிக்கல்: வாங்கிக்கொண்டு ஆட்களை விடாவிட்டால் என்ன செய்வது என்று சுல்தான் பிணை கேட்டார், பறங்கியர் எங்கள் வார்த்தையே போதும் என்றார்கள். இழுபறியில் ரிச்சர்ட் பொறுமை இழந்து, ஆகஸ்ட் 20இல் ஏறத்தாழ 2,700 கைதிகளைச் சுல்தானின் முன்னணிப்படை பார்க்கும் இடத்தில் வெட்டச் செய்தார். மீட்புப்பணம் தேறக்கூடிய பெரிய ஆட்களை மட்டும் ஒதுக்கிவைத்தார்கள். கராகூஷ் தப்பியது அப்படித்தான்.

கராகூஷ் பிறகு என்ன ஆனார்?

1192 அக்டோபரில் மீட்கப்பட்டார். தொகை 10,000 தீனார் என்பார்கள். சுல்தான் முகம் மலர வரவேற்றார். 1201இல் கெய்ரோவில் இறந்தார்.

'ஹுக்ம் கராகூஷ்' என்ற அரபுப் பழமொழி இவரைப் பற்றியதா?

ஆம். கோமாளித்தனமான, தலைகீழான தீர்ப்புக்கு அரபு நாடுகளில் இன்றும் 'கராகூஷ் தீர்ப்பு' என்பார்கள். அவர் காலத்து எகிப்திய திவான் அதிகாரி இப்னு மம்மாத்தி எழுதிய கேலிக் குறுநூல் இதற்கு மூலம். அடுத்த நூறாண்டுக்குள் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகானே அதிலுள்ளவை கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டார்: அவ்வளவு மடையராக இருந்தால் சலாஹுத்தீன் தன் நாட்டையே நம்பி ஒப்படைத்திருப்பாரா என்பது அவர் கேள்வி. வரிக்கணக்கும் கட்டாய வேலையும் கேட்டு நச்சரிக்கும் கட்டட அதிகாரியை எழுத்தர்களுக்கு எந்தக் காலத்தில் பிடித்தது!

இன்று அக்கா போனால் அந்த மதிலைப் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. ஊர் இப்போது இஸ்ரேலில், யுனெஸ்கோ மரபுச் சின்னப் பட்டியலில் 2001 முதல் இருக்கிறது. ஆனால் நீங்கள் காணும் மதில் 18, 19ஆம் நூற்றாண்டு உஸ்மானியர் காலத்தது. நிலத்தடியில் உள்ள பெரிய மண்டபங்களில் காணக்கிடைப்பவை பெரும்பாலும் 1191க்குப் பிறகு பறங்கியர் நூறாண்டு இருந்தபோது எழுந்தவை. ஈக்களின் கோபுரத்தின் அடிப்பகுதி மட்டும் துறைமுகத்து நீரில் இடிபாடாக நிற்கிறது. மீன்பிடித் துறையின் அணைச்சுவரில் நின்று தென்கிழக்கே பாருங்கள்.